சொந்தப் படைப்பைப் பகிர்வதும் கம்பெனிகள் மேல் இருக்கும் பயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படம் வரைகிறவர்கள், பாட்டு போடுகிறவர்கள், மரத்தில் பொம்மை செய்கிறவர்கள், வேலை முடிந்து வந்து இரவில் நிரல் எழுதுகிறவர்கள் என்று யாரைச் சந்தித்தாலும் என்னிடம் வந்து சேரும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். நானும் வரைகிறவன், ஒரு தடவை என் படம் களவு போய் மீட்டிருக்கிறேன், அதனால் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். நான் வழக்கறிஞன் இல்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், பெரிய தொகையோ வேலையோ பணயமாக இருந்தால் உங்கள் நாட்டு வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

நான் எங்கேயும் பதிவே செய்யவில்லை. அப்போது என் படத்துக்கு உரிமை இல்லைதானே?

இருக்கிறது. தாளிலோ கோப்பிலோ அது ஒரு வடிவம் பெற்ற அந்த நேரத்திலேயே பதிப்புரிமை உங்களிடம் வந்துவிடுகிறது. 1886ல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன, பதிவு செய்தால்தான் உரிமை என்று அந்த நாடுகள் வெளிநாட்டுப் படைப்பாளியிடம் சொல்ல முடியாது. உங்கள் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகு குறைந்தது 50 ஆண்டுகள். பல நாடுகளில் 70.

ஆனால் பதிவு வீண் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் உருவான படைப்பு என்றால் பதிவு முடிந்த பிறகுதான் அங்கே வழக்கே போட முடியும், 2019ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. காலத்தோடு செய்த பதிவு எவ்வளவு பணத்தைக் கொண்டுவரும் என்பதைக் கீழே ஏஐ கேள்வியில் பார்ப்பீர்கள்.

இன்னொன்று, சொல் குழப்பம். காப்பிரைட்டைப் பதிப்புரிமை என்றும், பேட்டன்ட்டைக் காப்புரிமை என்றும் இங்கே எழுதுகிறேன். பலர் இரண்டையும் மாற்றிப் பேசுகிறார்கள், அதனாலேயே பாதி சண்டை வருகிறது.

என் ஐடியாவை யாராவது எடுத்துக்கொண்டால் என்ன செய்வது?

வருத்தமான பதில்தான்: வெறும் ஐடியாவுக்குப் பதிப்புரிமை இல்லை. பேசும் பூனை ஒன்று துப்பறிகிறது என்பது யாருக்கும் சொந்தமில்லை, நீங்கள் வரைந்த அந்தப் பூனையும் அது பேசும் அந்த வரிகளும்தான் உங்களுடையவை. வரையும் பாணியும் அப்படியே, அதை யாரும் பிடித்துக்கொள்ளலாம்.

இயந்திரம், கருவி, புதிதாக இயங்கும் ஒரு முறை என்றால் அது காப்புரிமையின் பக்கம் போகிறது, அங்கே பகிர்வதே ஆபத்தாகலாம். விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு வீடியோவில் காட்டிவிட்டாலும் பெரும்பாலான நாடுகளில் "இது புதிதல்ல" என்று தள்ளிவிடுவார்கள். அமெரிக்கா, கனடா, ஜப்பான் போன்ற சில நாடுகளில் ஒரு வருட அவகாசம் உண்டு. ராபர்ட் கியர்ன்ஸ் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். விட்டுவிட்டுத் துடைக்கும் கார் வைப்பரைக் கண்டுபிடித்து 1960களில் ஃபோர்டு கம்பெனிக்குக் காட்டினார். அவர்கள் அவரை விட்டுவிட்டுத் தாங்களே அப்படி ஒன்றைப் போட்டு விற்றார்கள். 1978ல் வழக்குப் போட்டார், 1990ல் 1 கோடியே 2 லட்சம் டாலர் கிடைத்தது. அவர் கையில் காப்புரிமை இருந்ததால்தான் அந்த வழக்கே நின்றது. நடுவில் போன வருடங்களை யார் திருப்பித் தருவார்கள், அது வேறு.

வாட்டர்மார்க் போட்டுவிட்டால் போதும்தானே?

போதாது. ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள், நடுவில் போட்டால் படம் கெடும், இப்போது அழிப்பதற்கே செயலிகள் இருக்கின்றன. போடுங்கள், ஏனென்றால் உங்கள் பெயரை வேண்டுமென்றே நீக்குவது பல நாடுகளில் தனிக் குற்றம், பின்னால் "தெரியாமல் எடுத்தோம்" என்று அவர்கள் சொல்ல முடியாது. அதைவிடப் பயனுள்ளது, சிறிய அளவில் மட்டும் வெளியே போட்டுவிட்டு முழு அளவுக் கோப்பை உங்களிடமே வைத்துக்கொள்வது.

என்னுடையதுதான் என்று எப்படி நிரூபிப்பது? எனக்கே தபாலில் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்தால் போதும் என்கிறார்களே?

அந்தத் தபால் யோசனையை விட்டுவிடுங்கள். ஒட்டாத வெற்று உறையை இன்றே அனுப்பிவிட்டு அடுத்த வருடம் உள்ளே எதையும் வைத்து ஒட்டலாம், இது எந்த நீதிபதிக்கும் தெரியும். உண்மையில் உதவுவது வேலை நடந்த தடயம்: பென்சில் வரைவு, லேயரோடு இருக்கும் கோப்பு, பாடல் என்றால் தனித்தனி டிராக்குகள், நிரல் என்றால் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்து வைக்கும் கிட் வரலாறு, நண்பருக்கு அனுப்பிய மின்னஞ்சல், இணையப் பக்கங்களின் பழைய நகல்களை வைத்திருக்கும் வேபேக் மெஷினில் சேமித்த பக்கம். திருடியவரிடம் முடிந்த படம் மட்டும்தான் இருக்கும், அதற்கு முந்தைய பத்துப் படிகள் இருக்காது.

என் கதை இதுதான். நான் வரைந்த ஒரு கொக்கு ஒரு கம்பெனியின் நோட்டு அட்டையில் வந்தது. எங்கள் ஓவியரே வரைந்தார் என்று எழுதினார்கள். அந்தக் கொக்கின் இடது காலில் மூட்டை நான் தவறான இடத்தில் போட்டிருந்தேன், அவர்கள் அட்டையிலும் மூட்டு அதே தவறான இடத்தில் இருந்தது. அந்த மூட்டை அழித்து அழித்து வரைந்த பென்சில் தாளைப் படம் எடுத்து அனுப்பினேன். மூன்று வாரத்தில் பேச்சு மாறியது. தற்செயலாக இரண்டு பேர் சரியாக ஒரே மாதிரி வரையலாம், ஒரே தவற்றை ஒரே மாதிரி செய்ய மாட்டார்கள்.

இணையத்தில் போட்ட பிறகு அது பொதுச் சொத்துதானே? "கூகிளில் கிடைத்தது" என்கிறார்கள்.

இல்லவே இல்லை. பார்க்கக் கிடைப்பது வேறு, எடுத்து விற்க அனுமதி கிடைப்பது வேறு. 2010 ஜனவரியில் ஹைட்டி பூகம்பத்தின்போது டேனியல் மொரேல் என்ற புகைப்படக்காரர் அங்கே இருந்தார், எடுத்த படங்களை ட்விட்டரில் போட்டார். அதை இன்னொருவர் தன் பெயரில் போட, ஏஎஃப்பி செய்தி நிறுவனமும் படங்கள் விற்கும் கெட்டி இமேஜஸும் உலகம் முழுக்க விநியோகித்தன. ட்விட்டரில் போட்டதால் யாரும் எடுக்கலாம் என்று நீதிமன்றத்தில் வாதாடிப் பார்த்தார்கள், நீதிபதி ஏற்கவில்லை. 2013ல் ஜூரி 8 படங்களுக்காக அவருக்கு 12 லட்சம் டாலர் தரச் சொன்னது.

அப்புறம் ஏன் ஒவ்வொரு தளத்தின் விதிமுறையிலும் "உலகளாவிய, கட்டணமில்லா உரிமம்" என்று இருக்கிறது? ஒப்புக்கொண்டால் எல்லாம் போச்சா?

போகாது. உரிமையை மாற்றிக் கொடுப்பதும் உரிமம் கொடுப்பதும் ஒன்றில்லை. முன்னது வீட்டை விற்பது, பின்னது வாடகைக்கு விடுவது. உங்கள் படத்தைப் பல நாட்டுச் சர்வர்களில் நகலெடுத்து, சிறிதாக்கி, மற்றவர் திரையில் காட்ட அவர்களுக்கு ஓர் அனுமதி தேவைப்படுகிறது, அதற்காகத்தான் அந்த வரி. ஆனால் வாடகை ஒப்பந்தத்திலும் மோசமானவை உண்டு. நான் பார்ப்பது: நான் கணக்கை மூடிய பிறகும் தொடருமா, அவர்கள் மூன்றாவது ஆளுக்குக் கொடுக்கலாமா, "சேவையை மேம்படுத்த", "இயந்திரக் கற்றலுக்கு" என்ற சொற்கள் எங்கேயாவது ஒளிந்திருக்கின்றனவா.

சத்தம் போட்டால் பலன் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2012 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் தன் விதிமுறையை மாற்றி, பயனர் படங்களை விளம்பரத்தில் பயன்படுத்தலாம் என்று படும்படி எழுதியது. ஆட்கள் கொதித்ததும் சில நாட்களிலேயே அந்த வரியைத் திரும்பப் பெற்றது. 2024ல் அடோபியும் கலைஞர்களின் எதிர்ப்புக்குப் பிறகு தன் விதிமுறையைத் திருத்தி எழுதியது. படிக்கிற பத்துப் பேர் இருந்ததால்தான் இரண்டும் நடந்தது.

என் படங்களை வைத்து ஏஐக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். தடுக்க முடியுமா?

முழுவதும் முடியாது, அப்படி முடியும் என்று யாராவது எதையாவது விற்க வந்தால் வாங்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 பதிப்புரிமை உத்தரவு, இயந்திரம் படிக்கும் வகையில் "எடுக்காதே" என்று குறித்து வைக்கும் உரிமையைத் தருகிறது. தளத்தின் அமைப்புகளில் பயிற்சிக்கு மறுப்பு சொல்லும் இடம் இருந்தால் போய் அணைத்துவிடுங்கள். உங்கள் பாணியில் ஏஐ வரைந்தால் அதற்குத் தடை கேட்பது கடினம், காரணம் இரண்டாவது பதிலில் சொன்னதுதான்.

எழுத்தாளர்கள் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ கம்பெனி மேல் போட்ட வழக்கு கவனிக்க வேண்டியது. 2025 ஜூனில் அமெரிக்க நீதிபதி இரண்டாகப் பிரித்தார்: வாங்கிய புத்தகத்தை வைத்துப் பயிற்சி கொடுப்பது நியாயமான பயன்பாடு (அதாவது உரிமையாளரைக் கேட்காமலே சட்டம் அனுமதிப்பது), திருட்டுத் தளங்களிலிருந்து இறக்கிச் சேர்த்து வைத்தது அப்படியல்ல. அதே ஆண்டு 150 கோடி டாலருக்குச் சமரசமானது, ஒரு புத்தகத்துக்குச் சுமார் 3,000 டாலர். யாருக்கு? அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்துக்குள் பதிவான புத்தகங்களுக்கு. பதிவு செய்யாதவர்களுக்கும் உரிமை இருந்தது, அந்தப் பட்டியலில் இடம் இல்லை. முதல் பதிலில் பதிவு வீண் இல்லை என்று எழுதியது இதை நினைத்துத்தான்.

நான் தாராளமாகவே கொடுக்க நினைக்கிறேன். கம்பெனிகள் மட்டும் சுரண்டக் கூடாது. வழி இருக்கிறதா?

இருக்கிறது, அழகான வழி. 2002லிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இருக்கின்றன: பெயர் போட வேண்டும், வணிகத்துக்கு ஆகாது, மாற்றக் கூடாது, மாற்றினால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்று நிபந்தனைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. நாளை நீங்கள் மனம் மாறினாலும், அதற்குள் எடுத்தவர் அந்த நிபந்தனைப்படியே தொடரலாம். அதனால் கோபத்திலோ பூரிப்பிலோ உரிமம் தேர்ந்தெடுக்க வேண்டாம், ஒரு இரவு தூங்கி எழுந்து போடுங்கள்.

இலவசமாகக் கொடுத்ததற்கு நீதிமன்றம் மதிப்புத் தருமா என்று கேட்பார்கள். ராபர்ட் ஜேக்கப்சன் என்பவரும் நண்பர்களும் பொம்மை ரயில்களை இயக்க ஒரு மென்பொருளை எழுதித் திறந்த மூலமாக, அதாவது நிபந்தனைகளோடு யாரும் நிரலை எடுத்துப் பயன்படுத்தும்படி, வைத்திருந்தார்கள். ஒரு வணிகக் கம்பெனி அதன் கோப்புகளை எடுத்து, எழுதியவர் பெயரை நீக்கிப் பயன்படுத்தியது. 2008ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், காசு வாங்காவிட்டாலும் நிபந்தனை நிபந்தனைதான், மீறினால் பதிப்புரிமை மீறல் என்று சொல்லிவிட்டது. பொழுதுபோக்குக்காக ரயில் ஓட்டியவர் பெற்ற தீர்ப்பு, உலகத்துத் திறந்த மூலக்காரர்கள் எல்லாருக்கும் உதவுகிறது.

பகலில் வேலைக்குப் போகிறேன். இரவில் வீட்டில் செய்வது கம்பெனிக்குச் சொந்தமாகுமா?

ஆகலாம், உங்கள் நியமன ஒப்பந்தத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பிராட்ஸ் பொம்மைகளை வரைந்த கார்ட்டர் பிரையன்ட் பார்பியைச் செய்யும் மேட்டலில் வேலை பார்த்தவர். அந்த யோசனை இடையில் வேலையை விட்டிருந்த காலத்தில் வந்தது என்று அவர் சொன்னார், எங்கள் சம்பளத்தில் இருந்தபோது வந்தது என்றது மேட்டல். 2008ல் ஜூரி, பிராட்ஸை விற்ற எம்ஜிஏ கம்பெனியை மேட்டலுக்கு 10 கோடி டாலர் தரச் சொன்னது, 2010ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கலைத்தது, 2011ல் இரண்டாவது ஜூரி எம்ஜிஏ பக்கம் சாய்ந்தது. இத்தனைக்கும் நடுவில் நின்ற கேள்வி என்ன தெரியுமா, ஒப்பந்தத்தில் இருந்த "கண்டுபிடிப்புகள்" என்ற சொல்லுக்குள் ஐடியாவும் அடங்குமா, ஓய்வு நேர வேலையும் அடங்குமா என்பதுதான்.

கலிஃபோர்னியா போன்ற சில இடங்களில், சொந்த நேரத்தில் சொந்தக் கருவியில் செய்தது, கம்பெனியின் தொழிலோடு சம்பந்தமில்லாதது என்றால் அதைக் கேட்க முடியாது என்று சட்டமே இருக்கிறது. எல்லா இடத்திலும் இல்லை. அலுவலக லேப்டாப்பைத் தொடவே வேண்டாம். வேலையில் சேரும்போதே "இவை எனக்கு முன்பே சொந்தமானவை" என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுங்கள். சேர்ந்துவிட்டீர்கள் என்றால் மேலாளரிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள்.

ஒரு கம்பெனி ஓவியப் போட்டி நடத்துகிறது. அனுப்பலாமா?

பரிசு வாங்காத படங்களுக்கும் உரிமை அவர்களுக்கே என்று இருந்தால் அனுப்ப வேண்டாம். ஆயிரம் படங்களை ஒரு பரிசுத் தொகைக்கு வாங்கும் வழி அது.

கம்பெனி என் படைப்பை எடுத்துவிட்டது. இப்போதே பொதுவில் போட்டு உடைக்கட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட், தேதியும் முகவரியும் தெரியும்படி. பொருளாக விற்கிறார்கள் என்றால் ஒன்றை வாங்கி ரசீதோடு வையுங்கள், ஏனென்றால் உங்கள் கடிதம் போன மறுநாள் எல்லாம் மறைந்துவிடும். அடுத்து, அவர்களுக்கு அது எப்படிப் போனது என்று பாருங்கள். பல நேரங்களில் கம்பெனி வேறொருவரிடம் காசு கொடுத்து வாங்கியிருக்கும், அந்த ஆள்தான் திருடியவர். அப்போதும் கம்பெனிக்குப் பொறுப்பு உண்டு, ஆனால் கடிதத்தின் தொனி மாறும்.

பிறகு ஒரு கடிதம்: இது என்னுடையது, இதோ ஆதாரம், இத்தனை நாளில் எடுங்கள், பயன்படுத்தியதற்கு இவ்வளவு. பதில் இல்லையென்றால் அது இருக்கும் தளத்துக்கு நீக்கக் கோரிக்கை. டிஎம்சிஏ எனப்படும் அமெரிக்காவின் 1998 பதிப்புரிமைச் சட்டத்தால் பெரிய தளங்கள் எல்லாவற்றிலும் இதற்கு ஒரு படிவம் இருக்கிறது. எதிர்த்தரப்பு மறுப்பு அனுப்பினால், நீங்கள் வழக்குப் போடாத பட்சத்தில் 10 முதல் 14 வேலை நாட்களில் அது மறுபடி ஏறிவிடலாம், அதையும் எதிர்பார்த்து இருங்கள்.

இதெல்லாம் பலிக்காமல் பொதுவில் சொல்வதானால், இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதிகளை எழுதுங்கள். "திருட்டுக் கம்பெனி, எல்லாரையும் இப்படித்தான் ஏமாற்றுகிறார்கள்" என்று எழுத வேண்டாம். உங்களுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும், எல்லாருக்கும் நடந்தது தெரியாது.

ஒரு கம்பெனியின் அநியாயத்தைக் காட்டி வரைய ஆசை. அவர்கள் லோகோவைப் போட்டால் வழக்கு வருமா?

வரலாம். வந்தாலும் தோற்பீர்கள் என்று அர்த்தமில்லை. டென்மார்க் ஓவியர் நாதியா ப்ளெஸ்னர், சூடானில் உள்ள டார்ஃபூரின் பசித்த குழந்தை கையில் விலை உயர்ந்த லூயி வுய்ட்டன் கம்பெனிப் பை போன்ற ஒன்றைக் கொடுத்து வரைந்தார். உலகம் எதைக் கவனிக்கிறது, எதைக் கவனிக்கவில்லை என்பதே படம். கம்பெனி நீதிமன்றம் போய், 2011 ஜனவரியில் நாளொன்றுக்கு 5,000 யூரோ அபராதத்தோடு தடை வாங்கியது. மே மாதம் ஹேக் நீதிமன்றம் அவர் கருத்துரிமையே பெரிது என்று தடையை நீக்கியது. பார்பி பொம்மைகளைச் சமையலறை இயந்திரங்களுக்குள் வைத்துப் படம் எடுத்த டாம் ஃபோர்சைத் மேல் மேட்டல் வழக்குப் போட்டது. 2003ல் அவர் ஜெயித்தார், பிறகு மேட்டல் அவருடைய வழக்குச் செலவாக 18 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியதானது.

விமர்சனப் படத்தைவிட ஆபத்தானது, படத்துக்குக் கீழே நீங்கள் எழுதும் தகவல். பிரிட்டனில் மெக்டொனால்ட்ஸை எதிர்த்துத் துண்டறிக்கை கொடுத்த இருவர், ஹெலன் ஸ்டீலும் டேவ் மோரிஸும், வழக்கறிஞருக்குப் பணமில்லாமல் தாங்களே வாதாடினார்கள். 1997ல் தீர்ப்பு வந்தபோது சில குற்றச்சாட்டுகள் உண்மை என்றும் சிலவற்றை நிரூபிக்கவில்லை என்றும் வந்தது. நிரூபிக்காதவற்றுக்காக 60,000 பவுண்டு கட்டச் சொன்னார்கள். 2005ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர்களுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்றது, ஆனால் இடையில் எத்தனை வருடங்கள். எனவே ஒவ்வொரு தகவல் வரிக்கும் ஆவணம் இருக்கட்டும், கருத்து கருத்தாகவே தெரியட்டும். வாயை அடைக்கவே போடும் இப்படிப்பட்ட வழக்குகளுக்கு எதிராக ஐரோப்பிய ஒன்றியம் 2024ல் ஓர் உத்தரவு கொண்டுவந்திருக்கிறது.

தவறு நடப்பது நான் வேலை செய்யும் இடத்திலேயே. பெயர் மாற்றிக் கதையாக, காமிக்ஸாகப் போட்டுவிடலாமா?

இதைக் கேட்டவர் குரல் இன்னும் காதில் இருக்கிறது, அதனால் கவனமாக எழுதுகிறேன். வரிசை முக்கியம். முறைகேட்டை வெளியே சொல்பவரைக் காக்கும் சட்டங்கள் பெரும்பாலும் உரிய இடத்தில் புகார் செய்தவரைத்தான் காக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 உத்தரவில் நிறுவனத்துக்குள்ளோ அரசு அமைப்பிடமோ சொல்வதற்குப் பாதுகாப்பு, பொதுவெளியில் சொல்வதற்குச் சில நிபந்தனைகள் நிறைவேறினால்தான். முதலில் காமிக்ஸ் போட்டுவிட்டுப் பிறகு புகார் செய்தால் அந்தக் குடையை நீங்களே மடக்கிவிடுகிறீர்கள். பெயர் மாற்றுவதும் காப்பாற்றாது. படிக்கிறவர் இது இன்னார் என்று கண்டுபிடித்துவிட்டால் அவதூறு வழக்குக்கு அது போதும்.

பெயரில்லாமல் போடுவேன் என்றால், கோப்புகள் பேசும். புகைப்படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் இருக்கலாம், ஆவணத்துக்குள் உங்கள் கணினியில் கொடுத்த பெயர் இருக்கும். பல கலர் லேசர் பிரின்டர்கள் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளில் தேதியையும் இயந்திர எண்ணையும் தாளில் பதிக்கின்றன, 2005ல் இணைய உரிமைகளுக்காகப் போராடும் இஎஃப்எஃப் அமைப்பு இதை உடைத்துப் படித்துக் காட்டியது. அதோடு அந்தக் கூட்டத்தில் இருந்தது நான்கே பேர் என்றால் எந்தப் புள்ளியும் தேவையில்லை.

புகார் போய், வழக்கறிஞர் பார்த்த பிறகு, வரையுங்கள். அப்போது வரையும் படம் இன்னும் பலமாக இருக்கும்.

ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வாயே திறக்க முடியாதா?

வியாபார ரகசியத்தைச் சொல்ல முடியாது. குற்றத்தை மறைக்க அந்தக் காகிதத்தைப் பயன்படுத்துவதற்குப் பல நாடுகளில் எல்லை உண்டு. அமெரிக்காவில் 2016 வியாபார ரகசியச் சட்டமே, சட்டமீறல் என்ற சந்தேகத்தை அரசு அதிகாரியிடமோ வழக்கறிஞரிடமோ ரகசியமாகச் சொன்னால் குற்றமில்லை என்கிறது. ஆனால் கைக்குக் கிடைத்த எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக வேண்டாம், புகாருக்குத் தேவையான தாள் மட்டும்.

எடுத்ததை ஒப்புக்கொண்டு பணம் தருகிறார்கள், கூடவே ஒரு காகிதம் நீட்டுகிறார்கள். போடலாமா?

வரி வரியாகப் படித்துவிட்டுப் போடலாம். அதில் மூன்று விஷயம் இருக்கும்: நடந்ததற்குப் பணம், இதைப் பற்றிப் பேச மாட்டேன் என்ற வாக்கு, பிறகு எங்கோ கடைசிப் பத்தியில் உரிமை மாற்றம். முதலாவது உங்களுக்கு வர வேண்டியது. இரண்டாவது உங்கள் விருப்பம், ஆனால் அதற்குத் தனி விலை உண்டு. மூன்றாவதை உரிமமாகச் சுருக்குங்கள்: இந்தப் படம், இந்தப் பொருள், இத்தனை காலம்.

கொக்குக்காக எனக்கு வந்த காகிதத்தில் "இதுவரை வரைந்ததும் இனி வரைவதும்" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பேனாவால் அடித்து, ஓரத்தில் முதலெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினேன். எதுவும் கேட்காமல் அவர்களும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.